புறத்தொடர்புப் பணியாளருக்கு மாதம் 10,592 ரூபாய்: குழந்தைப் பாதுகாப்பில் ஆள் எங்கே, பணம் எங்கே?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு மாதம் 2000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டம் பற்றிய இழையில் எல்லோரும் "மாதம் 2000 போதுமா, போதாதா" என்றே பேசிக்கொண்டிருந்தீர்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த 2000 ஒரு குழந்தையின் கணக்குக்குப் போய்ச் சேர நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஊருக்குப் போய், வீட்டைக் கண்டுபிடித்து, பாட்டியிடம் பேசி, பிள்ளை உண்மையில் எங்கே படுக்கிறது, எங்கே சாப்பிடுகிறது என்று பார்த்து எழுதுகிற ஆள். அவரைப் பற்றிப் பேச இந்த இழை.

நான் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராக இருந்தவள். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ பக்கத்தில் ஏதாவது வாடகைக் கட்டடத்திலோ இந்த அலகு இருக்கும். மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் விதிப்படி மாவட்டத்துக்கு மொத்தம் 12 பேர். மாவட்ட அலுவலர் ஒருவர், பாதுகாப்பு அலுவலர்கள் இருவர் (காப்பகங்களுக்கு ஒருவர், காப்பகம் சாராத பணிகளுக்கு ஒருவர்), சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), சமூகப் பணியாளர் இருவர், கணக்காளர், தரவு பகுப்பாளர், கம்ப்யூட்டர் உதவியாளர், புறத்தொடர்புப் பணியாளர் இருவர். இதில் தினமும் ஊருக்குள் போகிற வேலை கடைசி இருவருடையது.

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், 388 ஒன்றியங்கள், சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். புறத்தொடர்புப் பணியாளர்கள் எல்லா இடமும் நிரம்பியிருந்தாலும் 76 பேர். ஆளுக்கு ஐந்து ஒன்றியம், ஏறக்குறைய 165 ஊராட்சி. நகரங்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சம்பளம் 10,592 ரூபாய், தொகுப்பூதியம். இது என்ன ஒரு விசித்திரமான எண் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. மிஷன் வாத்சல்யாவுக்கு முன்பிருந்த ஐ.சி.பி.எஸ். திட்டத்தின் காலத்தில் 8000 இருந்தது. 2022 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதலில் எல்லாருக்கும் ஒரே பெருக்கல், 1.324. சமூகப் பணியாளருக்கு 14,000 என்பது 18,536 ஆனது. பாதுகாப்பு அலுவலருக்கு 21,000 என்பது 27,804. அந்த வேலை என்ன, அதற்கு என்ன கொடுக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. கால்குலேட்டரை அழுத்தியிருக்கிறார்கள்.

அதனால் என் கேள்வி: குழந்தைக்குக் கொடுக்கும் தொகையை உயர்த்துவது முதலிலா, அந்தக் குழந்தையைத் தேடிப் போகிறவர்களைக் கூட்டுவது முதலிலா?

---

மலைக்கோட்டை மணி

அக்கா, நீங்கள் சொல்கிற சம்பளம் அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு கடைசியில் "எல்லோரையும் நிரந்தரம் ஆக்கு" என்றுதான் போய் நிற்கும். நிரந்தரம் ஆனவர்கள் இருக்கிற துறைகளைப் பார்த்தவன் நான். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மேசையில் ஆள் இருக்காது, நாற்காலியில் துண்டு மட்டும் இருக்கும். ஆள் போட்டால் வேலை நடக்கும் என்பது பாதி உண்மை.

---

கணக்குப்புலி

ஆள் விஷயத்துக்கு அப்புறம் வருவோம், முதலில் பணம்.

மிஷன் வாத்சல்யாவுக்கு மத்திய பட்ஜெட்டில் 2022-23இல் 1472 கோடி. 2023-24இல் 1472 கோடி. 2024-25இல் அதே 1472. 2025-26இல் பெரிய மனது பண்ணி 1500. விலைவாசி ஏறியதை வைத்துப் பார்த்தால் இது வருஷா வருஷம் குறைந்துகொண்டு வந்த தொகை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 18 வயதுக்குக் கீழே ஏறக்குறைய 44 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், பிள்ளைக்கு வருஷத்துக்கு 34 ரூபாய். எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சேவை தேவைப்படாது, சரி. பத்தில் ஒன்றுக்குத் தேவை என்று வைத்தாலும் 340 ரூபாய்.

அடுத்து, பணம் வரும் வழி. மத்திய அரசு 60, மாநிலம் 40. வருஷத் திட்டத்தை மாநிலம் அனுப்ப வேண்டும், டெல்லியில் ஒப்புதல் குழு கூட வேண்டும், போன வருஷத்துச் செலவுச் சான்று போக வேண்டும், அதன்பிறகு தவணை விடுவார்கள், மாநிலம் தன் பங்கைச் சேர்க்கும். இந்த வரிசையில் எங்கே ஒரு கோப்பு நின்றாலும் கடைசியில் இருக்கிற ஒப்பந்தப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும். என் மச்சினர் ஒரு மாவட்ட அலகில் இருந்தார். தீபாவளிக்குச் சம்பளம் வராமல் என்னிடம்தான் கைமாற்று வாங்கினார். அவர் செய்த வேலை என்ன தெரியுமா? ஏழைக் குடும்பங்களுக்கு நிதி ஆதரவு விண்ணப்பம் சரிபார்ப்பது.

இன்னொன்று. ஆள் இல்லாததால் விண்ணப்பம் சேராது. விண்ணப்பம் சேராததால் பணம் செலவாகாது. செலவாகாததால் அடுத்த வருஷம் "இவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை" என்று வெட்டு விழும். ஆள் பற்றாக்குறை என்பது பணப் பற்றாக்குறையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எனவே வைகைக்கரை கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆள்தான் முதலில்.

---

செல்வி டீச்சர்

நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் செங்கல் சூளைகள் அதிகம். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா எங்கேயோ போய்விட்டார், செத்தாரா இருக்கிறாரா தெரியாது. அம்மா சூளையில். பொங்கலுக்குப் பிறகு அவனும் சூளைக்குப் போக ஆரம்பித்தான். நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4000 கிடைக்கும் என்று தெரிந்து அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கேட்டவை: பையனின் ஆதார், அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிக்கிற சான்று, வங்கிக் கணக்கு, வருமானச் சான்று. கிராமத்தில் வருட வருமானம் 72,000க்குள், நகரத்தில் 96,000க்குள் இருக்க வேண்டும். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று. இறக்கவில்லை, ஓடிப்போனார் என்றால்? அதற்கு வி.ஏ.ஓ.விடமும் தாசில்தார் ஆபீஸிலும் கைவிடப்பட்டவர் என்று சான்று வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஒவ்வொரு சான்றுக்கும் 60 ரூபாய். பணம் கூடப் பரவாயில்லை. ஒரு நாள் சூளைக்குப் போகாவிட்டால் அந்த அம்மாவுக்கு முன்பணக் கணக்கில் கழித்துவிடுவார்கள். ரேஷன் கார்டில் அப்பா பெயர்தான் குடும்பத் தலைவர், அதனால் வருமானச் சான்று திரும்பி வந்தது. அம்மா "விடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

பிறகு அந்த மாவட்டத்தில் புதிதாக ஒரு புறத்தொடர்புப் பணியாளர் சேர்ந்தார், சின்னப் பெண். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சூளைக்கே வந்து உட்கார்ந்து, அடுக்கின செங்கல் மேல் பேப்பரை வைத்து எல்லாம் எழுதினார். வி.ஏ.ஓ.வைப் போனில் பிடித்தார். தாலுகா ஆபீஸுக்கு அவரே போனார். இரண்டு மாதத்தில் ஆணை வந்தது. பையன் இப்போது பத்தாம் வகுப்பு.

அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார். ஜவுளிக் கடையில் இதைவிட அதிகம் தருகிறார்களாம், ஓடவும் வேண்டாம். அவர் இடம் காலியாகவே இருக்கிறது. அடுத்த பையனுக்கு நான் யாரிடம் போவது?

---

வைகைக்கரை

டீச்சர், அந்தப் பெண் வீடு திரும்பியிருக்கிற பஸ் எது என்று எனக்குத் தெரியும். எட்டரைக்குக் கடைசி வண்டி, அதை விட்டால் யாராவது தெரிந்தவரின் பைக். பயணப்படி என்று ஒன்று காகிதத்தில் உண்டு. பில் வைத்து, கையெழுத்தாகி, பணம் வரும்போது அந்தப் பயணமே மறந்திருக்கும்.

மணி தம்பிக்கு: நான் நிரந்தரம் என்ற சொல்லையே எழுதவில்லை. ஆனால் நீங்கள் எடுத்துவிட்டதால் கேட்கிறேன். பதினோரு மாதமோ ஒரு வருஷமோ ஒப்பந்தம். நீட்டிப்பார்களா என்று கடைசி மாதம் வரை தெரியாது. பாலியல் கொடுமைக்கு உள்ளான ஒரு பிள்ளை முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லாது. நாலாவது தடவை, ஐந்தாவது தடவை, உங்களைப் பழகிய பிறகுதான் வாயைத் திறக்கும். அதற்குள் ஆற்றுப்படுத்துநர் மாறிவிட்டால் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். போக்சோ வழக்கு நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்லப் போகும் நாளில் கூட நிற்பது யாரோ புது முகம். நாற்காலித் துண்டைப் பார்த்து நீங்கள் கோபப்படுவது நியாயம், ஆனால் இங்கே நாற்காலியில் ஆளே மாறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

---

உண்மைவிளம்பி_தென்காசி

பெற்றவர்கள் ஒழுங்காக இருந்தால் இந்தத் துறையே தேவையில்லை. குடிக்கிற அப்பனுக்கு வரிப்பணத்தில் சம்பளம் கொடுக்கிற மாதிரிதான் இது.

---

செல்வி டீச்சர்

குடிக்கிற அப்பாவை அந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை சார். அந்த 4000மும் அப்பா கைக்குப் போகாது. பிள்ளையின் பேரில் கணக்கு. பள்ளிக்கு வராவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

---

சட்டப்பேட்டை

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துவிடுகிறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் ஒரு குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழு என்பது தலைவரும் நான்கு உறுப்பினர்களும். மாதம் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்தில் இறுதி உத்தரவு.

சமூக விசாரணை அறிக்கை என்பது விதிகளில் 22ஆம் படிவம். குடும்ப நிலை, வருமானம், உறவினர், படிப்பு, உடல்நிலை, நண்பர்கள், பிள்ளையின் பழக்கவழக்கம், வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்ற பரிந்துரை எல்லாம் அதில் வரும். ஒழுங்காக எழுத வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். ஆள் இல்லாத மாவட்டத்தில் இதை எப்படி எழுதுவார்கள்? போனில் கேட்டு எழுதுவார்கள். குழு அந்தக் காகிதத்தை நம்பி, பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பும், அல்லது அடித்த வீட்டுக்கே திருப்பி அனுப்பும். இரண்டுமே ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கிற உத்தரவு.

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெஹுரா வழக்கில், நீதிபதி மதன் லோகூர் அமர்வு, காலியிடங்களை நிரப்பச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் வந்த இன்னொரு தீர்ப்பின் தலைப்பிலேயே நம் மாநிலத்தின் பெயர் இருக்கிறது: தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கு. 2007இல் தொடங்கி 2017 மே மாதம் தீர்ப்பு. தீர்ப்புக்குப் பஞ்சமில்லை, நிறைவேற்ற ஆள் இல்லை.

---

வன்னிமண்

வவுனியாவில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் அமைப்பு வேற. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபையின் கீழ, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தனியா இருக்குது, 1998ஆம் ஆண்டுச் சட்டம், 1929 எண்டது அவையின்ர தொலைபேசி இலக்கம். பெரும்பாலும் நிரந்தர அரச பதவி.

அதால எல்லாம் சரி எண்டு நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளையின்ர விசயத்தில மத்திய அரசின் ஆள், மாகாணத்தின் ஆள், அதிகார சபையின் ஆள் மூண்டு பேரும் வருவினம், அல்லது மூண்டு பேரும் வரமாட்டினம். 2022இல எரிபொருள் இல்லாமல் போன நேரம் களப்பயணமே நிண்டுபோச்சு. பதவி நிரந்தரம், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. ஆனா ஒண்டு: பத்து வருசமா ஒரே பிரதேசத்தில வேலை செய்யிற உத்தியோகத்தருக்கு எந்தக் குடும்பத்தில என்ன நடக்குது எண்டு தெரியும். வைகைக்கரை அக்கா சொல்லுற அந்தப் பழக்கம் இங்க இருக்குது.

---

மலைக்கோட்டை மணி

வன்னிமண் சொன்னது என் பக்கத்துக்கும் சாதகம், அக்கா பக்கத்துக்கும் சாதகம். நிரந்தரம் மட்டும் போதாது, வண்டிச் செலவும் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், குழந்தைகள் உதவி எண் 1098, தொண்டு நிறுவனங்கள் கையில் இருந்தபோது நன்றாகத்தானே ஓடியது? அரசு எடுத்த பிறகு என்ன ஆனது?

---

பிளாட்பாரம்_நம்பர்_நாலு

அந்த 1098ஐ நடத்திய சைல்டுலைனில் ரயில் நிலையப் பிரிவில் இருந்தவன் நான், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் திட்டமாகத் தொடங்கியது அது. பிறகு நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் வழியாக ஓடியது. 2023இல் மாநில அரசுகளிடம் போனது, 112 அவசர எண்ணோடு இணைத்தார்கள்.

நன்றாக ஓடியதா என்றால், மனசாட்சியோடு சொல்கிறேன், ஓடியது எங்கள் இளமையை வைத்து. சம்பளம் இப்போதைவிடக் குறைவு. நிறுவனத் தலைவரின் நல்ல மனசைப் பொறுத்துத்தான் எல்லாம். அரசு எடுத்ததில் எனக்குக் குறை இல்லை. குறை எங்கே என்றால், மாவட்ட உதவி மையத்தில் மேற்பார்வையாளர் மூன்று பேர், களப்பணியாளர் மூன்று பேர். மூன்று ஷிப்டு. அதாவது ஷிப்டுக்கு ஒரு களப்பணியாளர், அதுவும் யாரும் லீவு எடுக்காவிட்டால்.

முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைத் திருமணம் என்று பதினோரு மணிக்கு போன் வரும். மண்டபம் 60 கிலோமீட்டர் தள்ளி. போலீஸ் வரும், சமூக நலத் துறையிலிருந்து ஒருவர் வரலாம். பெண்ணை மீட்ட பிறகு யார் கூட இருப்பது? ஸ்டேஷனில் உட்கார வைக்கக் கூடாது. வரவேற்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும், அது மாவட்டத் தலைநகரில். வாடகைக் காரை யார் கூப்பிடுவது, யார் பணம் கொடுப்பது? அதே நேரத்தில் ரயில் நிலையத்திலிருந்து இன்னொரு போன் வந்தால் யார் போவது? இந்தக் கேள்விகளை எல்லாம் அந்த ஒரு களப்பணியாளர்தான் தன் ஜேபியிலிருந்து தீர்த்துக்கொள்கிறார்.

---

கணக்குப்புலி

காப்பகங்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு குழந்தைக்குப் பராமரிப்பு மானியம் மாதம் 3000. நாளைக்கு 100 ரூபாயில் மூன்று வேளைச் சாப்பாடு, துணி, சோப்பு எல்லாம். 2022 அக்டோபரில் திருப்பூர் பக்கம் ஒரு காப்பகத்தில் கெட்டுப்போன சாப்பாடு சாப்பிட்டு மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு கடைசியில் குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை வைக்கிற செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் அடித்துக் கொல்லப்பட்டான், கைதானவர்கள் அங்கே வேலை செய்தவர்களே. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள்.

இதைச் சொல்வது, அடித்தவர்களுக்குச் சம்பளம் குறைவு என்று சாக்குச் சொல்ல அல்ல. யாரை வேலைக்கு எடுக்கிறோம், என்ன பயிற்சி கொடுக்கிறோம், யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காப்பகங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய பாதுகாப்பு அலுவலர் மாவட்டத்துக்கு ஒரே ஒருவர்.

---

வைகைக்கரை

சரி, திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போடுகிறேன். புலி சரிபார்க்கட்டும்.

ஒன்றியத்துக்கு ஒரு புறத்தொடர்புப் பணியாளர். 388 பேர். சம்பளம் 10,592 வேண்டாம், சமூகப் பணியாளருக்குத் தருகிற 18,536 கொடுப்போம். மாதம் 3000 பயணப்படி, பில் கேட்காமல் சம்பளத்தோடு. வருஷத்துக்கு என்ன வருகிறது?

---

கணக்குப்புலி

சம்பளம் 8 கோடியே 63 லட்சம். பயணப்படி 1 கோடியே 40 லட்சம். மொத்தம் 10 கோடி சில்லறை. பி.எஃப்., மாநகராட்சிகளுக்குத் தனி ஆள், மேற்பார்வை எல்லாம் சேர்த்தாலும் 20 கோடியைத் தாண்டாது. மாநில பட்ஜெட் மூன்றரை லட்சம் கோடிக்கு மேல். நிஜமாகவே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், எங்கேயோ ஒரு பூஜ்ஜியம் விட்டுவிட்டேனோ என்று.

மத்திய அரசு விதியில் இரண்டு பேருக்குத்தான் இடம், அதனால் 60 சதவீதம் வராது. மாநிலமே முழுசாகப் போட வேண்டும். அன்புக் கரங்களை மாநிலம் தன் பணத்தில்தானே தொடங்கியது? அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளுக்கும் தன் பணத்தைப் போடலாம்.

---

மலைக்கோட்டை மணி

பத்து கோடியா! எங்கள் ஊர் பாலத்துக்கு இதைவிட அதிகம் ஆனது, இன்னும் திறக்கவில்லை.

நான் ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எழுத்துத் தேர்வு வைத்து எடுக்க வேண்டும், சிபாரிசு கூடாது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார்கள், எத்தனை அறிக்கை 15 நாளுக்குள் போனது என்ற எண்ணிக்கையை மட்டும், பெயர் இல்லாமல், மாதா மாதம் வெளியிட வேண்டும். ஆள் போட்டால் பாதி, கணக்குக் கேட்டால் மீதி.

---

வைகைக்கரை

அதில் எனக்கு ஒரு பயம். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைக்காக ஓடுவார்கள். செல்வி டீச்சர் சொன்ன பையனுக்கு இரண்டு மாதம் ஆனது. எண்ணிக்கை கேட்கிற அதிகாரி அந்த நேரத்தில் "பத்து சுலபமான கேஸ் முடித்திருக்கலாமே" என்பார். எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பதைவிட, ஒரே நேரத்தில் ஒருவர் கையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வெளியிடச் சொல்லுங்கள். அந்த எண் வெளியே வந்தால் ஆள் போதுமா போதாதா என்று யாரும் வாதாட வேண்டியிருக்காது.

---

மலைக்கோட்டை மணி

அதையும் போடட்டும், 15 நாள் கணக்கையும் போடட்டும். இரண்டாவதை நான் விடமாட்டேன்.

---

சட்டப்பேட்டை

அரசு வெளியிடும் வரை காத்திருக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்ட அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு. இப்படிக் கேளுங்கள்:

மாவட்ட அலகில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், இன்றைய தேதியில் காலியானவை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து காலி. கடந்த நிதியாண்டில் ஒவ்வொரு மாதச் சம்பளமும் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது. நிதி ஆதரவுக்கு வந்த விண்ணப்பங்கள், ஆணையானவை, நிலுவையில் உள்ளவை. குழந்தைகள் நலக் குழு மாதம் எத்தனை நாள் கூடியது. பயணப்படிக்கு ஒதுக்கிய தொகையும் செலவானதும்.

குழந்தைகளின் பெயரோ விலாசமோ எந்த வடிவிலும் கேட்காதீர்கள். சட்டப்படி தரவும் கூடாது.

---

செல்வி டீச்சர்

எங்கள் மாவட்டத்துக்கு நான் போடுகிறேன். என் பெயரில் போட்டால் பள்ளிக்குப் பிரச்சினை வருமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

சட்டப்பேட்டை

வராது, ஆனால் வீட்டு முகவரியில் போடுங்கள், பள்ளி முத்திரை வேண்டாம். பதில் தர 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு நான் எழுதித் தருகிறேன். வேறு எந்தெந்த மாவட்டத்துக்கு யார் போடுகிறீர்கள் என்று கீழே குறிப்பிடுங்கள், ஒரே மாவட்டத்துக்கு ஐந்து பேர் போட வேண்டாம்.

---

மலைக்கோட்டை மணி

திருச்சி என் கணக்கு. பக்கத்து பெரம்பலூரையும் எழுதிக்கொள்ளுங்கள்.